ஓவியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத: எங்கே ‘எஸ்’ சேர்ப்பது, எங்கே விடுவது

தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் எது கஷ்டம் என்று கேட்டால் ‘டென்ஸ்’ என்பார்கள். அவர்கள் எழுதிய கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தால் வேறு கதை. சிவப்பு மை அதிகம் செலவாவது ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்துக்கும் ‘எ’ என்ற ஒற்றைச் சொல்லுக்கும்தான். சுங்கை சிப்புட்டில் மாலை வகுப்பு எடுக்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகள் என்னிடம் தரும் கட்டுரைகளில், ஒரு படத்தையோ சுவரோவியத்தையோ வருணிக்கும் இடம் வந்துவிட்டால் இந்தத் தகராறு கூடிவிடுகிறது. காரணம் எளிது. கலை சம்பந்தப்பட்ட ஆங்கிலச் சொற்களில் பல, ஓரிடத்தில் எண்ண முடிந்ததாகவும் இன்னோரிடத்தில் எண்ண முடியாததாகவும் நடந்துகொள்ளும்.

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கிலத்தில் இது எங்கே வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். தாள் 2-இன் மூன்றாம் பகுதியில் 200 முதல் 250 சொற்களுக்குள் எழுதும் நீண்ட எழுத்து இருக்கிறது. அதில் ‘ரிவ்யூ’ வரலாம், அறிக்கை வரலாம், கதையும் வரலாம். ஓவியக் கண்காட்சி, பள்ளிக் கலை விழா, ஊரில் பார்த்த சுவரோவியம் எல்லாம் அங்கே நன்றாகப் பொருந்தும் விஷயங்கள். தாள் 3 வாய்மொழித் தேர்வு. அங்கேயும் ஒரு படத்தை, ஓர் இடத்தைப் பற்றிப் பேச வேண்டி வரலாம். காட்சிக்கலைப் பாடம் எடுத்திருப்பவர்களுக்கு இது இன்னும் உதவும்.

முதலில், தப்பு எங்கிருந்து வருகிறது

நாம் பேசும்போது ‘சுவத்துல மூணு படம் மாட்டியிருக்கு’ என்கிறோம். மூன்று என்று சொல்லிவிட்ட பிறகு ‘படங்கள்’ என்று சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. மலாயில் ‘தீகா புவா லுகிசான்’. அங்கேயும் லுகிசான் என்ற சொல் மாறாமல் அப்படியே நிற்கிறது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, இரண்டிலும் எண்ணே எல்லா வேலையையும் செய்துவிடுகிறது. பெயர்ச்சொல் சும்மா இருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் ‘த்ரீ பெயின்டிங்’ என்று எழுதிவிடுவது இயல்பு.

ஆசிரியர் ஒருமுறை திட்டியதும் அடுத்த கட்டம் தொடங்கும். எதற்கு வம்பு என்று எல்லாவற்றுக்கும் ‘எஸ்’ சேர்ப்பார்கள். ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘எக்விப்மென்ட்ஸ்’, ‘ஹோம்வொர்க்ஸ்’, ‘சீனரீஸ்’. கடைத்தெருவில் ‘ஸ்டேஷனரீஸ்’ என்ற பலகையைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு இதில் எதுவும் உறுத்தாது. இரண்டாவது தப்புதான் முதலாவதைவிடத் திருத்தக் கடினமானது என்பது என் எண்ணம். முதலாவது மறதியால் வருவது, இரண்டாவது தெரியும் என்ற நம்பிக்கையால் வருவது.

படி 1: பட்டியலை மனப்பாடம் செய்யாமல், பாதியாக வெட்டிப் பாருங்கள்

இது கவுண்டபிள், இது அன்கவுண்டபிள் என்று நூறு சொற்களைப் பட்டியல் போட்டு நெட்டுருப் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. கலைச் சொற்களுக்கு அது உதவாது. ஒரே சொல் இரண்டு பட்டியலிலும் இருக்கும்.

அதற்குப் பதில் ஒரு கேள்வி. நீங்கள் சொல்லும் பொருளைப் பாதியாக வெட்டினால், பாதிக்கும் அதே பெயர் பொருந்துமா? கிண்ணத்தில் பெயின்ட் இருக்கிறது. பாதியைக் கொட்டிவிட்டால் மிச்சம் இருப்பதும் பெயின்ட்தான். எனவே அது எண்ண முடியாதது: ‘எ பெயின்ட்’ கிடையாது, ‘சம் பெயின்ட்’ உண்டு. சுவரில் ஒரு பெயின்டிங் தொங்குகிறது. அதைக் கத்தரியால் இரண்டாக வெட்டினால் இரண்டு பெயின்டிங் கிடைப்பதில்லை, ஒரு பெயின்டிங் நாசமாகும். எனவே அது எண்ணக்கூடியது: ‘எ பெயின்டிங்’, ‘த்ரீ பெயின்டிங்ஸ்’. களிமண்ணும் பானையும் அப்படியே. ‘கிளே’ பாதியானாலும் கிளே, ‘பாட்’ பாதியானால் ஓடு.

இந்தச் சோதனை பத்துக்கு எட்டு இடத்தில் கைகொடுக்கும். கைவிடும் இடங்கள் மூன்றாம் படியில் வருகின்றன.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். சொல்லைத் தனியே எடுத்து வைத்துச் சோதிக்காதீர்கள். நீங்கள் எழுதும் வாக்கியத்தில் அந்தச் சொல் எதைக் குறிக்கிறதோ அதைச் சோதியுங்கள். ‘பெயின்டிங்’ என்பதே இன்னோரிடத்தில் வரைகிற செயலைக் குறிக்கும்: ‘ஷீ லவ்ஸ் பெயின்டிங்’. அங்கே ‘எ’ கிடையாது, ‘எஸ்’ கிடையாது.

படி 2: இரண்டு பக்கமும் நிற்கும் சொற்கள்

கட்டுரையில் மதிப்பெண் போவதும் வருவதும் இந்த இடத்தில்தான் என்பதால் நிதானமாகப் போவோம்.

‘ஆர்ட்’ பொதுவாகக் கலை என்ற பொருளில் எண்ண முடியாதது. ‘ஐ என்ஜாய் ஆர்ட்’ சரி. ஒரு கலைப்படைப்பு என்று சொல்ல, உயிரெழுத்துக்கு முன் ‘எ’க்குப் பதிலாக வரும் ‘என்’னைச் சேர்த்து ‘என் ஆர்ட்’ என்று எழுதாதீர்கள். ‘எ வொர்க் ஆஃப் ஆர்ட்’ என்றோ ‘என் ஆர்ட்வொர்க்’ என்றோ எழுதுங்கள்.

‘வொர்க்’ இன்னும் சுவாரசியம். உழைப்பு, வேலை என்ற பொருளில் எண்ண முடியாதது: ‘எ லாட் ஆஃப் வொர்க்’. படைப்பு என்ற பொருளில் எண்ணலாம்: ‘டூ வொர்க்ஸ் பை தி சேம் ஆர்ட்டிஸ்ட்’. இராமநாதபுரம் பக்கம் பிறந்து சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து, பிறகு சென்னைக் கலைக் கல்லூரியில் பயின்ற மலேசிய ஓவியர் சையட் தாஜுடீனைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘ஹிஸ் வொர்க் டிராஸ் ஆன் தி ராமாயணா’ என்றால் அவருடைய மொத்தக் கலைப்பணியையும் சேர்த்துச் சொல்கிறீர்கள், வினை ஒருமையில் வரும். ‘செவரல் ஆஃப் ஹிஸ் வொர்க்ஸ் டிரா ஆன் தி ராமாயணா’ என்றால் தனித்தனிப் படங்களைச் சொல்கிறீர்கள், வினை பன்மைக்கு மாறும். இரண்டும் சரி. எதைச் சொல்ல வருகிறோம் என்ற தெளிவுதான் வேண்டும்.

‘கலர்’. நிறங்களை ஒவ்வொன்றாக எண்ணும்போது ‘த்ரீ கலர்ஸ்’, ‘பிரைட் கலர்ஸ்’. வண்ணமயம் என்ற தன்மையைச் சொல்லும்போது ‘தி வால் இஸ் ஃபுல் ஆஃப் கலர்’. தன்மையாகச் சொன்ன வாக்கியம் பெரும்பாலும் முதிர்ச்சியாகத் தெரியும். ‘ஃபுல் ஆஃப் கலர்ஸ்’ பெரிய குற்றமில்லை, ஆனால் ‘எஸ்’ இல்லாமல் எழுதினால் வாசிக்கிறவர் ஒரு கணம் நிமிர்வார்.

‘லைட்’. இதில் தடுக்கி விழாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஓவியத்தில் விழும் ஒளி எண்ண முடியாதது: ‘தி லைட் கம்ஸ் ஃப்ரம் தி லெஃப்ட்’. ‘லைட்ஸ்’ என்று எழுதினால் விளக்குகள் என்று பொருள். ‘தேர் ஆர் மெனி லைட்ஸ் ஆன் ஹர் ஃபேஸ்’ என்று எழுதினால் அந்தப் பெண்ணின் முகத்தில் பல்புகளை மாட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். தீபாவளிக்குக் கடைத்தெருவில் தொங்கும் வண்ண விளக்குகளுக்கு ‘லைட்ஸ்’ சரி, முகத்துக்கு வேண்டாம்.

இதில் ஒரு நுணுக்கம். முன்னால் ஒரு அடைமொழி வந்தால் சில எண்ண முடியாத சொற்கள் ‘எ’யை ஏற்றுக்கொள்ளும். ‘எ சாஃப்ட் லைட்’, ‘எ ஸ்ட்ரேஞ்ச் பியூட்டி’, ‘எ டீப் சைலன்ஸ்’ எல்லாம் சரியான ஆங்கிலம். ஒரு குறிப்பிட்ட வகை ஒளி, ஒரு குறிப்பிட்ட வகை அழகு என்று அந்த ‘எ’ சொல்கிறது. எல்லாச் சொல்லும் இதற்கு இடம் கொடுக்காது. ‘எ பியூட்டிஃபுல் சீனரி’ எவ்வளவு அழகாக ஒலித்தாலும் தப்புதான்.

‘ஷேட்’, ‘ஷேடோ’ இரண்டையும் நாம் நிழல் என்றே சொல்கிறோம். மரத்தடி நிழல், வெயில் படாத இடம் ‘ஷேட்’, எண்ண முடியாதது. ஓர் உருவம் தரையில் விழுத்தும் நிழல் ‘எ ஷேடோ’, எண்ணலாம். நிறத்தின் சாயல் என்ற பொருளில் ‘ஷேட்’ எண்ணக்கூடியதாகிவிடும்: ‘ஃபோர் ஷேட்ஸ் ஆஃப் கிரீன்’. செம்பனைத் தோட்டத்தைத் தீட்டிய படத்தை வருணிக்கும்போது இந்த ‘ஷேட்ஸ் ஆஃப் கிரீன்’ கட்டாயம் தேவைப்படும். வெறும் ‘கிரீன்’ போதாது. முகத்தின் ஒரு பாதி இருளில் இருந்தால் ‘ஹாஃப் ஆஃப் ஹிஸ் ஃபேஸ் இஸ் இன் ஷேடோ’. அங்கே ‘எ’ வராது.

பொருட்களின் பெயர்கள் எல்லாம் ஒரே குடும்பம். துணியாக ‘கேன்வாஸ்’ எண்ண முடியாதது, அதில் வரைந்த படம் ‘எ கேன்வாஸ்’. ‘பிரான்ஸ்’ உலோகம், ‘எ பிரான்ஸ்’ வெண்கலச் சிலை. ‘வாட்டர்கலர்’ ஒரு முறை, ‘எ வாட்டர்கலர்’ அந்த முறையில் தீட்டிய படம். மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்தேக்கும் அப்படித்தான்: ‘பாத்தேக்’ துணி, கலை. அதைச் சட்டமிட்ட ஓவியமாக ஆக்கியவர்களில் முன்னோடி பினாங்கைச் சேர்ந்த சுவா தியன் தெங். அவருடைய படத்தை ‘எ பாத்தேக் பெயின்டிங்’ என்றால் எந்தக் குழப்பமும் இல்லை.

இதே குடும்பத்தில் வழிதவறிப் போகும் பிள்ளைகளும் உண்டு. ‘ஸ்டோன்’ சிற்பி செதுக்கும் கல், ‘எ ஸ்டோன்’ காலில் இடறும் கல். ‘வுட்’ மரக்கட்டை, ‘எ வுட்’ சிறு காடு. ‘கிளாஸ்’ கண்ணாடி, ‘எ கிளாஸ்’ குவளை. ‘பேப்பர்’ காகிதம், ‘எ பேப்பர்’ செய்தித்தாள் அல்லது தேர்வுத் தாள். ‘அயர்ன்’ இரும்பு, ‘என் அயர்ன்’ இஸ்திரிப் பெட்டி. ‘தி ஸ்கல்ப்சர் இஸ் மேட் ஆஃப் என் அயர்ன்’ என்று எழுதினால் இஸ்திரிப் பெட்டியை உருக்கிச் சிலை செய்ததாக ஆகும். நவீனக் கலையில் அதுவும் நடக்கலாம், ஆனால் நீங்கள் சொல்ல வந்தது அதுவாக இருக்காது.

‘டீடெய்ல்’, ‘டெக்ஸ்சர்’, ‘கான்ட்ராஸ்ட்’, ‘ஸ்பேஸ்’ ஆகியவையும் இரண்டு பக்கமும் நிற்பவை. இவற்றை எண்ண முடியாததாகவே பழகிக்கொள்ளுங்கள்: ‘எ கிரேட் டீல் ஆஃப் டீடெய்ல்’, ‘ரஃப் டெக்ஸ்சர்’, ‘எ லாட் ஆஃப் எம்ப்டி ஸ்பேஸ்’. படத்தின் ஒரு குறிப்பிட்ட சிறு பகுதியைச் சுட்டிக்காட்டும்போது மட்டும் ‘ஒன் டீடெய்ல்’ என்று எழுதினால் போதும்.

படி 3: எந்த நாளிலும் ‘எஸ்’ ஏற்காதவை

பாதியாக வெட்டும் சோதனை இங்கேதான் பொய்த்துப் போகும். நாற்காலியைப் பாதியாக வெட்டினால் அது ஃபர்னிச்சர் இல்லை, விறகு. ஆனாலும் ‘ஃபர்னிச்சர்’ எண்ண முடியாதது. பல தனிப்பொருட்களை ஒரே கூட்டமாகப் பார்க்கும் சொல் அது. இப்படிப்பட்டவற்றை ஒரு ஜோடியாகப் படிப்பது நல்லது. கூட்டப்பெயருக்குப் பக்கத்தில் எண்ணக்கூடிய ஒரு சொல் எப்போதும் இருக்கும்.

‘சீனரி’க்கு ஜோடி ‘எ சீன்’, ‘எ லேண்ட்ஸ்கேப்’. ‘பாட்டரி’க்கு ‘எ பாட்’. ‘ஃபோட்டோகிராஃபி’க்கு ‘எ ஃபோட்டோகிராஃப்’. ‘இமேஜரி’க்கு ‘என் இமேஜ்’. ‘சிம்பாலிசம்’ என்றால் ‘எ சிம்பல்’. ‘பிரஷ்வொர்க்’ என்றால் ‘எ பிரஷ்ஸ்ட்ரோக்’. ‘ஜுவல்லரி’க்கு ‘எ நெக்லஸ்’, ‘என் இயரிங்’ என்று நேரடியாகப் பெயரைச் சொல்லலாம். ‘எக்விப்மென்ட்’, ‘ஸ்டேஷனரி’ இரண்டையும் விட்டுவிட்டு ‘பிரஷஸ்’, ‘பென்சில்ஸ்’ என்று எழுதினால் தப்பும் வராது, படமும் கண்முன் வரும்.

வான் கோ 1889-இல் தீட்டிய நட்சத்திர இரவை எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்டைத் தடிமனாக அப்பி, தூரிகையின் தடம் தெரியும்படி சுழற்றிச் சுழற்றித் தீட்டிய வானம். ‘தி பிரஷ்வொர்க் இஸ் ரெஸ்ட்லெஸ்’ என்று மொத்தமாகச் சொல்லலாம். ‘ஷார்ட், கர்விங் பிரஷ்ஸ்ட்ரோக்ஸ் ஃபில் தி ஸ்கை’ என்று தனித்தனியாகவும் சொல்லலாம். முதலாவதில் வினை ‘இஸ்’, இரண்டாவதில் ‘ஃபில்’. ஒரு பத்தியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தத் தெரிந்த மாணவனுக்குச் சொல்வளம் இருப்பதாகத் திருத்துபவர் எடுத்துக்கொள்வார்.

‘கிராஃபிட்டி’ வேடிக்கையானது. பிறந்த இத்தாலிய மொழியில் அது பன்மை. இன்றைய ஆங்கிலத்தில் சாதாரணமாக ஒருமை வினையோடு நடமாடுகிறது: ‘தி கிராஃபிட்டி இஸ் ஓல்ட்’. ‘எஸ்’ மட்டும் வேண்டாம். ‘மியூரல்’ அப்படியில்லை, எண்ணலாம். லிதுவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சக்காரேவிச் 2012-இல் ஜார்ஜ்டவுனிலும் 2014-இல் ஈப்போவிலும் தீட்டியவை ‘மியூரல்ஸ்’. ஈப்போ பழைய நகரில் கோப்பி குடிக்கும் பெரியவர் படத்தை வருணிக்கும்போது ‘ஹி இஸ் ட்ரிங்கிங் காஃபி’ என்று எழுதுங்கள், ‘எ’ வேண்டாம். அதே கோப்பிக்கடையில் உட்கார்ந்து ‘டூ காஃபீஸ், ப்ளீஸ்’ என்று கேட்டால் அது சரி. அங்கே காஃபி என்பது குவளைக் கணக்கு.

அசையாப் பொருள் ஓவியத்துக்கு ‘எ ஸ்டில் லைஃப்’ என்று பெயர். பன்மை ‘ஸ்டில் லைஃப்ஸ்’. ‘லைவ்ஸ்’ அல்ல. கேட்டால் நம்ப மாட்டார்கள், அகராதியைக் காட்டுங்கள்.

படி 4: பென்ஜோடோ பிலாங்கான் தெரியுமல்லவா, அதையே இங்கே போடுங்கள்

மலேசியப் பிள்ளைகளுக்கு மற்ற நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. மலாய் பாடத்தில் பென்ஜோடோ பிலாங்கானை, அதாவது எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் வரும் அளவுச்சொல்லை, சின்ன வயதிலேயே படித்துவிடுகிறோம். செஹெலாய் கெர்தாஸ் (ஒரு தாள் காகிதம்), செபாதாங் கப்பூர் (ஒரு சுண்ணக்கட்டி), செபுவா லுகிசான் (ஓர் ஓவியம்). ஆங்கிலத்திலும் அதே வித்தை உண்டு, ஆனால் எண்ண முடியாத சொல்லுக்கு மட்டும். ‘எ ஷீட் ஆஃப் பேப்பர்’, ‘எ ஸ்டிக் ஆஃப் சார்கோல்’. லுகிசானுக்கு மலாயில் புவா போடுகிறோம், ஆங்கிலத்தில் போட வேண்டாம், ‘எ பெயின்டிங்’ என்றாலே போதும். தமிழிலும் ஒரு முழம் பூ, ஒரு கட்டுக் கீரை, ஒரு கை அரிசி என்றுதானே கேட்கிறோம்.

‘எ பீஸ் ஆஃப்’ பல சொற்களுக்குப் பொதுவாகப் பொருந்தும்: ‘எ பீஸ் ஆஃப் ஜுவல்லரி’, ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’. ஆனால் ஓவியம் பற்றி எழுதும்போது இதிலேயே நின்றுவிட்டால் எழுத்து தட்டையாகிவிடும். பெயின்ட் எப்படி விழுந்தது என்பதை அளவுச்சொல்லே காட்டிவிடும். தூரிகை நுனியால் ஒரு ஒற்று ஒற்றினால் ‘எ டேப் ஆஃப் ரெட்’. சிதறியடித்தால் ‘எ ஸ்பிளாஷ் ஆஃப் ரெட்’. நீளமாக இழுபட்டிருந்தால் ‘எ ஸ்ட்ரீக்’, திட்டாக நின்றால் ‘எ பேட்ச்’, தண்ணீர் கலந்து மெல்லப் பரவினால் ‘எ வாஷ்’, இருக்கிறதா இல்லையா என்ற அளவில் இருந்தால் ‘எ ஹின்ட்’. ஒளிக்கு ‘எ ஷாஃப்ட் ஆஃப் லைட்’ கூரை ஓட்டை வழியாக இறங்குவது, ‘எ பூல் ஆஃப் லைட்’ தரையில் தேங்கி நிற்பது. களிமண்ணுக்கு ‘எ லம்ப்’, கல்லுக்கு ‘எ பிளாக்’.

எண்ணிக்கை அளவுச்சொல்லின் மேல்தான் ஏறும். ‘டூ பேட்சஸ் ஆஃப் லைட்’ என்று வரும், ‘டூ பேட்ச் ஆஃப் லைட்ஸ்’ என்று வராது.

கோலகங்சார் பக்கம் சாயோங்கில் செய்யும் லாபு சாயோங் நம் வட்டாரத்துக் கைவினை, பயிற்சிக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. சுரைக்காய் வடிவில் இருக்கும் தண்ணீர்க் கூஜா. சூளையிலிருந்து சூடாக எடுத்து நெல் உமியில் புதைப்பதால் கருப்பாகிறது. இதை ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கலாம். ‘லாபு சாயோங் இஸ் பிளாக் பாட்டரி ஃப்ரம் பேராக்’ என்பது பொது வகை, ‘எ’ இல்லை. ‘ஈச் பாட் பிகின்ஸ் ஆஸ் எ லம்ப் ஆஃப் கிளே’ என்பதில் பானை எண்ணக்கூடியது, களிமண்ணுக்கு அளவுச்சொல் துணை. ‘தி ஹாட் பாட் இஸ் பரீட் இன் ரைஸ் ஹஸ்க்’ என்பதில் உமியைக் கூட்டமாகப் பார்க்கிறோம். ‘தேர் ஆர் ஃபைன் பேட்டர்ன்ஸ் ரவுண்ட் தி நெக், அண்ட் தி வாட்டர் இன்சைட் ஸ்டேஸ் கூல்’ என்று முடிக்கலாம். பேட்டர்னுக்கு ‘எஸ்’ உண்டு, வாட்டருக்கு இல்லை.

படி 5: மச், மெனி, லிட்டில், ஃபியூ

எண்ண முடியாததற்கு ‘மச்’, ‘லிட்டில்’, ‘லெஸ்’, ‘அமவுன்ட்’. எண்ணக்கூடியதற்கு ‘மெனி’, ‘ஃபியூ’, ‘ஃபியூவர்’, ‘நம்பர்’. இதை எல்லாப் புத்தகமும் சொல்லும். சாதாரண வாக்கியத்தில் ‘தேர் இஸ் மச் பெயின்ட்’ என்பது காதுக்கு ஒட்டாது. ‘தேர் இஸ் எ லாட் ஆஃப் பெயின்ட்’ என்பதே இயல்பு. ‘மச்’சைக் கேள்விக்கும் மறுப்புக்கும், ‘டூ மச்’ என்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

‘எ லாட் ஆஃப்’ இரண்டு வகைக்கும் பொருந்தும் என்பதால் சந்தேகம் வந்தால் அங்கே ஒதுங்கலாம். வினை மட்டும் காட்டிக்கொடுத்துவிடும்: ‘எ லாட் ஆஃப் பெயின்ட் இஸ்’, ‘எ லாட் ஆஃப் கலர்ஸ் ஆர்’.

‘லிட்டில்’ என்பதற்கும் ‘எ லிட்டில்’ என்பதற்கும் இடையே கருத்தே மாறும். ‘தேர் இஸ் லிட்டில் கலர் இன் தி பிக்சர்’ என்றால் வண்ணம் அநேகமாக இல்லை, போதவில்லை என்ற தொனி. ‘எ லிட்டில் கலர்’ என்றால் கொஞ்சம் இருக்கிறது, அதுவும் நல்லதே என்ற தொனி. ‘ஃபியூ’, ‘எ ஃபியூ’ ஜோடிக்கும் அதே கணக்கு. விமர்சனம் எழுதும்போது ஓவியரைப் பாராட்டுகிறோமா குறை சொல்கிறோமா என்பதை இந்த ‘எ’ தீர்மானித்துவிடும்.

படி 6: படத்தின் அடிக்குறிப்பு

கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்துக்கோ வேறெந்தக் காட்சிக்கோ பள்ளிப் பயணம் போனால், படங்களுக்குக் கீழே உள்ள சீட்டைப் படியுங்கள். ‘ஆயில் ஆன் கேன்வாஸ்’, ‘இன்க் ஆன் பேப்பர்’. எங்கும் ‘எ’ இல்லை, ‘தி’ இல்லை. எதனால், எதன்மேல் என்று மூலப்பொருளைச் சொல்வதால் எல்லாம் எண்ண முடியாதவையாக நிற்கின்றன. ‘டிரான் இன் பென்சில்’, ‘பெயின்டட் இன் வாட்டர்கலர்’ என்பதும் அதே விதி. பென்சில் கையில் பிடித்தால் எண்ணக்கூடியது, ‘இன்’ சேர்ந்து ஊடகமாகிவிட்டால் எண்ணக் கூடாது.

படி 7: ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

அதிகாலையில் பால்மரக் காட்டில் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு ஒரு பெண் பால் எடுக்க மரம் வெட்டும் படம். மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளையெல்லாம் ஒரே பத்தியில் திணித்திருக்கிறேன்.

‘திஸ் பெயின்ட் ஷோஸ் எ பியூட்டிஃபுல் சீனரி. தேர் ஆர் மெனி மிஸ்ட் பிட்வீன் தி ட்ரீஸ். எ வுமன் இஸ் டேப்பிங் எ ரப்பர். ஹர் ஹேர்ஸ் ஆர் டைட் இன் எ பன். தி லைட்ஸ் ஃப்ரம் ஹர் ஹெட்லேம்ப் ஃபால் ஆன் தி பார்க். தி ஆர்ட்டிஸ்ட் யூஸ்ட் எ லிட்டில் கலர்ஸ் பட் மெனி டீடெய்ல். தேர் ஆர் எ ஃபியூ லேடெக்ஸ் இன் தி கப்.’

முதல் வாக்கியத்தில் ‘பெயின்ட்’ டின்னில் இருப்பது, ‘பெயின்டிங்’ வேண்டும். ‘எ பியூட்டிஃபுல் சீன்’ என்று ஜோடிச் சொல்லுக்கு மாறினால் ‘எ’யை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

மூடுபனியை எண்ண முடியாது. ‘தேர் இஸ் எ லாட் ஆஃப் மிஸ்ட்’ சரி. ‘எ தின் லேயர் ஆஃப் மிஸ்ட் ஹேங்ஸ் பிட்வீன் தி ட்ரீஸ்’ என்றால் படமே எழுந்து நிற்கும்.

‘எ ரப்பர்’ என்றால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பென்சில் எழுத்தை அழிக்கும் அழிப்பான். அந்தப் பெண் அழிப்பானை வெட்டிக்கொண்டிருக்கிறாள். ‘எ ரப்பர் ட்ரீ’ என்று எழுதுங்கள். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட மாவட்டத்திலேயே இருந்துகொண்டு இதில் தப்புவிடுவது நமக்கு அழகில்லை.

தலைமுடி மொத்தமாக ‘ஹேர்’, ஒருமை: ‘ஹர் ஹேர் இஸ் டைட் இன் எ பன்’. ‘எ ஹேர்’ சாப்பாட்டில் கிடக்கும் ஒற்றை முடி.

தலைவிளக்கு ஒன்று, அதிலிருந்து வருவது ஒளி: ‘தி லைட் ஃப்ரம் ஹர் ஹெட்லேம்ப் ஃபால்ஸ் ஆன் தி பார்க்’. வினையில் ‘எஸ்’ சேர்ந்ததைக் கவனியுங்கள். பெயரிலிருந்து எடுத்த ‘எஸ்’ வினையில் வந்து உட்காரும். பாதிப் பேர் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள்.

ஆறாவது வாக்கியம்: ‘தி ஆர்ட்டிஸ்ட் யூஸ்ட் ஒன்லி எ ஃபியூ கலர்ஸ் பட் எ கிரேட் டீல் ஆஃப் டீடெய்ல்’. நிறத்தை எண்ணினோம், நுணுக்கத்தை அளந்தோம். ‘ஒன்லி’ சேர்ந்ததால் குறைவாகத்தான் பயன்படுத்தினார் என்பது குறையாகத் தொனிக்காமல் சிக்கனமாகத் தொனிக்கிறது.

மங்கில் இருக்கும் பால் ‘லேடெக்ஸ்’, எண்ண முடியாதது: ‘தேர் இஸ் எ லிட்டில் லேடெக்ஸ் இன் தி கப்’. சொட்டுச் சொட்டாக விழுவதைக் காட்ட நினைத்தால் ‘டிராப்ஸ் ஆஃப் லேடெக்ஸ்’ எழுதுங்கள், ‘டிராப்ஸ்’ பன்மை என்பதால் வினை ‘ஆர்’ ஆகும்.

படி 8: அகராதியில் இரண்டு எழுத்து

ஆக்ஸ்ஃபோர்ட், லாங்மேன், கேம்பிரிட்ஜ் ஆகிய நிறுவனங்களின் மாணவர் அகராதிகளில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ‘சி’ அல்லது ‘யு’ என்ற எழுத்து இருக்கும். ‘சி’ எண்ணக்கூடியது, ‘யு’ எண்ண முடியாதது. சொல்லுக்கு ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ‘லைட்’டுக்குக் கீழே முதல் பொருளுக்கு ஒன்றும் இரண்டாவது பொருளுக்கு இன்னொன்றும் போட்டிருப்பார்கள். நீங்கள் எழுத வந்த பொருளுக்கு நேரே என்ன எழுத்து இருக்கிறது என்பதைப் பாருங்கள். கைப்பேசியிலும் இந்த அகராதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தானியங்கி மொழிபெயர்ப்பில் இந்த எழுத்துகள் வருவதில்லை, அதை வைத்துச் சரிபார்க்காதீர்கள்.

தேர்வறையில் அகராதி இருக்காது. எழுதி முடித்ததும் கடைசி ஐந்து நிமிடத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். கருத்தைப் பார்க்காமல் பெயர்ச்சொற்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொன்றிலும் நின்று முன்னால் ‘எ’ இருக்கிறதா, பின்னால் ‘எஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். ‘எ ஃபியூ’, ‘எ லாட் ஆஃப்’ போன்றவற்றைத் தவிர, ‘எ’யும் பன்மை ‘எஸ்’ஸும் இரண்டும் இருந்தால் ஒன்று தப்பு. இரண்டும் இல்லை, ‘தி’யோ ‘ஹர்’ரோகூட இல்லை என்றால் அது எண்ண முடியாத சொல்லா என்று பாதியாக வெட்டிப் பாருங்கள். அப்புறம் கண்ணை வினைக்கு நகர்த்துங்கள். வாய்மொழித் தேர்வில் இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது. அங்கே ‘எ லாட் ஆஃப்’, ‘எ பீஸ் ஆஃப்’ இரண்டையும் நாக்குக்குப் பழக்கி வைத்திருந்தால் போதும். மச்சா மெனியா என்று நடுவில் திக்கி நிற்பதைவிட அது மேல்.